நோகாத கால்: கிழக்கின் வயலிலும் வாவியிலும் பாதங்களைக் காத்தல்

நீரிழிவு உள்ள ஒருவர் சந்தையிலிருந்து வீடு திரும்புகிறார். வாசலில் வந்து நின்ற பிறகுதான், ஒரு காலில் செருப்பு இல்லை என்று மகள் சொல்லித் தெரிந்துகொள்கிறார். எங்கே கழன்றது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் இதை மறதி என்று எடுத்துக்கொள்வார்கள், வயதாகிவிட்டது என்பார்கள். ஆனால் இது மறதியோடு சம்பந்தப்பட்டதல்ல. பாதத்தின் நரம்புகள் செய்தி அனுப்புவதை நிறுத்திக்கொண்டிருக்கின்றன என்பதற்கு, எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே கிடைக்கும் அடையாளம் இது. நீரிழிவு கிளினிக்கில் அனுபவமுள்ள வைத்தியர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, 'செருப்பு கழன்று போவது தெரிகிறதா?' என்பதுதான்.

காலைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் நோவைப் பற்றியே பேசுகிறோம். குதிக்கால் குத்துகிறது, கணுக்கால் சுளுக்கிவிட்டது, பெருவிரல் வீங்கிவிட்டது என்று சொல்லி எண்ணெய் தேடுகிறோம், வைத்தியர் தேடுகிறோம். நோவு நம்மை அசைய வைக்கிறது. நோகாத காலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீரிழிவால் கால் அகற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு, அதற்கு முன்னர் பாதத்தில் ஒரு புண் இருந்திருக்கிறது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த கணக்கு. அந்தப் புண்களில் பெரும்பாலானவை வலிக்காமல் வளர்ந்தவை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கால் நோய்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்: நோகும் கால் பெரும்பாலும் ஆறிவிடும், நோகாத காலே வெட்டும் மேசைக்குப் போகிறது.

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. இரண்டு பாதங்களையும் சேர்த்தால் உடம்பின் 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு அங்கேதான் உள்ளது. இத்தனை நுணுக்கமான உறுப்பு நம் மண்ணில் எதையெல்லாம் சந்திக்கிறது என்று பாருங்கள். எழுவான்கரையில் கடற்கரை மணல், படுவான்கரையில் வயற்சேறு, நடுவே வாவி. மாரி தொடங்கிவிட்டால் பெரும்போக வட்டைக்கு, அதாவது நெல்வயலுக்குப் போகிறவரின் கால் மாதக்கணக்கில் காய்வதில்லை. வெள்ளாவெளியிலோ சம்மாந்துறையிலோ மருந்தடித்து, பசளை போட்டு, களை பிடுங்கி வரும் கால்கள் மாலையில் வெளுத்து, சுருங்கி, ஊறிப்போயிருக்கும். பிறகு ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது அதே தோல் வரண்டு வெடிக்கிறது. இவற்றோடு, கோயிலிலும் பள்ளிவாசலிலும் வீட்டிலும் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. நம் பாதங்களில் தோல் உடைவதற்கு வாய்ப்பு அதிகம். தோல் உடைந்தால் அதன் வழியே என்ன நுழைகிறது என்பதே அடுத்த கேள்வி.

முதலில் சேற்றுப்புண். நீரில் நெடுநேரம் ஊறிய தோலின் மேற்படை மென்மையாகி உரிகிறது. விரல்களுக்கு இடையில் காற்றுப் படாத ஈரத்தில் பூஞ்சணம் வளர்கிறது. நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு இடையில்தான் பெரும்பாலும் தொடங்கும், ஏனென்றால் அங்கேதான் இடைவெளி மிகக் குறைவு. அரிப்பு, வெள்ளைத் தோல், வாடை, பிறகு வெடிப்பு. குளோட்ரிமசோல், டேர்பினபின் போன்ற பூஞ்சண எதிர்ப்புக் களிம்புகள் இதற்குப் போதும். ஆனால் பெரும்பாலோர் நாலைந்து நாளில் அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிடுகிறார்கள். பூஞ்சணம் அப்போதும் தோலுக்குள் உயிரோடு இருக்கிறது. அடுத்த மழைக்குத் திரும்பி வருகிறது. மருந்துக்கேற்ப இரண்டு முதல் நான்கு வாரம் வரை, புண் தெரியும் இடத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் பூச வேண்டும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாமசியில் 'சொறிக்கு ஒரு கிறீம் தாருங்கள்' என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருக்கிறது. அது அரிப்பை ஒரே இரவில் அடக்கும், சிவப்பைக் குறைக்கும். அதே வேளை அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சணம் தடையின்றிப் பரவும். நல்ல மருந்து என்று அயலாருக்கும் சொல்லப்படும் இந்தக் களிம்புதான், மாதக்கணக்கில் ஆறாத படையாக அந்த நோயை மாற்றிவிடுகிறது. வைத்தியர் எழுதாமல் அதை வாங்கக் கூடாது.

களிம்பைவிட முக்கியமானது துடைப்பது. வயலால் வந்ததும் நல்ல தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாக ஒற்றி எடுக்க வேண்டும். கழுவுவதில் நம்மவர் குறை வைப்பதில்லை. துடைப்பதில்தான் அவசரம்.

விரலிடுக்கில் இருக்கும் அந்தச் சிறு வெடிப்பு ஏன் இவ்வளவு கவனத்துக்குரியது? அது ஒரு திறந்த வழி. சாதாரணமாகத் தோலில் வாழும் பக்டீரியாக்களே அதனூடாக நுழைந்து காலைச் சிவக்கச் செய்து, வீங்கச் செய்து, குளிர்காய்ச்சலைத் தரும். கணுக்காலுக்கு மேலே சிவப்பு ஏறிக்கொண்டு போனால் அது நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும் தொற்று. பத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் காரியம் அல்ல. ஒரே காலில் திரும்பத் திரும்ப இப்படி வருகிறவர்களுக்கு, அந்தக் காலின் விரலிடுக்கைச் சோதித்தால் பெரும்பாலும் ஆறாத சேற்றுப்புண் ஒன்று அகப்படும்.

வயல்நீரில் இதைவிடப் பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரோடு வெளிவரும் லெப்டோஸ்பைரா கிருமி தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் உயிரோடு கிடக்கும். வெடித்த குதிக்காலும் உரிந்த விரலிடுக்கும் அதற்கு நுழைவாயில். உழவு, நடுகை, அறுவடைக் காலங்களில் வயலுக்குப் போகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் தடுப்பாகக் கொடுக்கப்படுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனால் இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கு இது ஏற்றதல்ல. வயலில் இறங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டிய மருந்து இது. காய்ச்சல் வந்த பிறகு தடுப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருப்பது உயிரோடு விளையாடுவது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் சிறுநீர் குறைவும் சேர்ந்தால் அன்றே வைத்தியசாலை.

எலிக்காய்ச்சலைப் பலர் அறிவார்கள். மெலியோய்டோசிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் நோய் இது, இலங்கை மண்ணில் நிலைகொண்டது. மழைக்காலத்தில் வயலில் இறங்கும் நீரிழிவுக்காரர்களையே அதிகம் தாக்குகிறது. நுரையீரலிலும் ஈரலிலும் தோலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். வழமையாகக் கொடுக்கும் பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காது. சரியான மருந்தை இரத்த நாளத்தில் ஊசியாக ஏற்றித் தொடங்கி, மாதக்கணக்கில் மாத்திரையும் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே, சீனி வருத்தம் உள்ளவருக்கு மாரியில் விடாத காய்ச்சல் வந்தால், வைத்தியரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான்: 'எனக்கு நீரிழிவு இருக்கிறது, நான் வயலில் வேலை செய்தேன்.' இந்தச் சிறு தகவல் நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் நாட்களைக் குறைக்கும்.

முழங்கால் வரையான இறப்பர் பூட்ஸ் இந்த எல்லா ஆபத்துகளையும் ஒரே சமயத்தில் குறைக்கிறது. ஆழச் சேற்றில் அது புதைந்து இழுக்கும், நாற்று நடும்போது போட முடியாது என்று வயற்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் வரம்பில் நடக்க, மருந்தடிக்க, தண்ணீர் பார்க்க, அறுவடைக் காலத்தில் இரவில் வாடிக்குப் போக, பூட்ஸ் போடத் தடை ஏதும் இல்லை. அறுவடை வயலில் புடையன் பாம்பு கடிப்பதும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். கடித்தால் கட்டுப் போடுவதோ, கீறி இரத்தம் எடுப்பதோ கூடாது. காலை அசைக்காமல் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விஷமுறி மருந்து அங்கேதான் இருக்கிறது.

வாவியிலும் கரையோரக் கடலிலும் இறங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு வேறொரு எதிரி உண்டு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால், அது வாலைத் திருப்பிக் கணுக்காலில் முள்ளை ஏற்றிவிடும். உயிர் போகும் நோவு என்பார்கள், மிகையில்லை. அந்த நஞ்சு வெப்பத்தில் செயலிழக்கும் புரதம் என்பதால், தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 பாகை செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வைத்தால் நோவு வேகமாக இறங்கும். கெழுத்தி மீன் முள்ளுக்கும் இதே முறை பயன்படும். நீரின் சூட்டைக் குத்துப்பட்ட காலால் சோதிக்காமல், இன்னொருவர் கையால் பார்க்க வேண்டும். நோவு நின்றுவிட்டது என்பதற்காக வைத்தியசாலையைத் தவிர்க்கக் கூடாது. முள்ளின் துண்டு உள்ளே முறிந்து கிடக்கலாம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் தேவைப்படலாம். துருப்பிடித்த ஆணிக்கு மட்டும்தான் ஏற்பு ஊசி என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. மண்பட்ட எந்த ஆழமான குத்துக்கும் அது பொருந்தும்.

பித்தவெடிப்பு பார்வைக்கு அழகுக்குறை போலத் தோன்றினாலும், மேலே சொன்ன கிருமிகளுக்கெல்லாம் கதவு என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். குதிக்காலின் தோல் தடித்து, வரண்டு, உடம்பின் பாரத்தில் பிளக்கிறது. பின்புறம் திறந்த செருப்பும் நாள் முழுதும் நிற்கும் வேலையும் அதைக் கூட்டும். இரவில் கால்மணி நேரம் இளஞ்சூட்டு நீரில் வைத்து, துடைத்து, ஈரம் முற்றாகக் காயும் முன் தேங்காயெண்ணெயோ வாஸ்லீனோ பூசி, பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் சில வாரங்களில் மென்மையாகும். தடிப்பு அதிகமென்றால் 10 முதல் 25 வீதம் யூரியா கலந்த களிம்பு நல்லது. பிளேட்டால் சீவுவது எவருக்கும் வேண்டாம். நீரிழிவுக்காரருக்கு நீரில் ஊறவைப்பதும் வேண்டாம், எண்ணெய் மட்டும் போதும்.

இனி, நோகும் கால்களுக்கு வருவோம்.

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஊசி குத்துவது போன்ற நோவு. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் குறைகிறது. நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வருகிறது. இது பாதத்தின் அடியில் குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாண்போல இழுபட்டு நிற்கும் தடித்த சவ்வில் ஏற்படும் சிதைவு. வகுப்பறையில் நாள் முழுதும் நிற்கும் ஆசிரியர்களையும், சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு சமைக்கும் பெண்களையும், உடல் எடை கூடியவர்களையும் இது தேடி வரும். எக்ஸ்றேயில் குதி எலும்பில் ஒரு கொம்பு தெரிந்தால் 'எலும்பு வளர்ந்துவிட்டது' என்று பயந்துபோகிறார்கள். நோவே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அந்தக் கொம்பு இருக்கிறது. நோவுக்குக் காரணம் அது அல்ல. அதை வெட்டி எடுக்க வேண்டியதும் இல்லை.

இதற்கு மிகப் பயன்தரும் மருத்துவம் காசு கேட்பதில்லை. எழும்புவதற்கு முன், படுக்கையில் இருந்தபடியே நோகும் காலை மற்றத் தொடைமேல் வைத்து, கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளைக்க வேண்டும். பாதத்தின் அடியில் சவ்வு இழுபடுவது மறுகைக்குத் தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை. இதோடு சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும், வீட்டுக்குள்ளும் குதி மெத்தென்ற செருப்பும். பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் குணமாகிவிடும். ஓராண்டு என்பது நெடியதாகத் தோன்றலாம்; பொறுமை போதாமல் ஊசிக்கு ஓடுகிறார்கள். ஸ்டெரொயிட் ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும், திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வே கிழியக்கூடும்.

கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் பாதம் உட்பக்கமாக மடிவதால், வெளிக்கணுவில் எலும்புகளைப் பிணைக்கும் நார்களான இணையங்கள் கிழிவதால் வருகிறது. வரம்பில் வழுக்கினாலும், மைதானத்தில் பந்தடிக்கும்போது மடிந்தாலும், மோட்டார் சைக்கிள் சரிந்து காலில் விழுந்தாலும் நம்மவர் முதலில் நினைப்பது முறிவு நெரிவு வைத்தியரை. கிழக்கில் இந்த வைத்தியத்துக்குப் பரம்பரை உண்டு, மதிப்பும் உண்டு. கட்டுப்போட்டு ஓய்வு கொடுப்பதிலும், நாட்கணக்கில் நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலும் அவர்களிடம் உள்ள பொறுமை நெரிசல் மிகுந்த கிளினிக்குகளில் கிடைப்பதில்லை. ஆனால் இரண்டு இடங்களில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். முதல் இரண்டு மூன்று நாளில், உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது வீக்கத்தைக் கூட்டும். முறிவு உண்டா என்று தெரியாமல் இழுத்து நிமிர்த்துவது, சாதாரண முறிவைச் சத்திரசிகிச்சை தேவைப்படும் முறிவாக்கிவிடும்.

முறிவா, சுளுக்கா என்று பிரித்தறிய 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த எளிய விதிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. அடிபட்ட உடனும் பிறகு வைத்தியரிடம் வரும்போதும் நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்றே தேவை. உட்கணு, வெளிக்கணு எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் நொந்தாலும் தேவை. பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கிப் பாதி வழியில் இருக்கும் எலும்பு மேட்டிலும், உட்பக்கம் பாதவளைவின் மேலுள்ள எலும்பிலும் நோவு இருந்தாலும் தேவை. இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகள் மென்மையானவை என்பதால், அவர்களின் 'சுளுக்கு' எதையும் வைத்தியர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சுளுக்கு என்று உறுதியானால், கிரேப் பண்டேஜ் சுற்றி, காலை இதயத்தைவிட உயரத்தில் தலையணைமேல் வைக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் கால்மணி நேரம் வைத்தால் நோவு குறையும். முன்னர் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். இப்போது நோவு அனுமதிக்கும் அளவில் இரண்டு மூன்று நாளிலேயே மெல்ல ஊன்றி நடக்கச் சொல்கிறார்கள், இணையம் அப்படித்தான் வலுவாக ஆறுகிறது. நோவு போனதும் எல்லோரும் மறந்துவிடும் கட்டம் ஒன்றிருக்கிறது. கிழிந்த இணையத்தோடு சமநிலை உணர்வும் பாதிக்கப்பட்டிருக்கும். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கப் பழகுவது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, இப்படி ஆறு வாரம் செய்யாதவரின் கணுக்கால் மீண்டும் மீண்டும் மடிந்துகொண்டே இருக்கும். பல்லுத் துலக்கும் நேரம் இதற்குப் போதும். எந்தக் கட்டாக இருந்தாலும் விரல்கள் நீலம் பாரித்தால், விறைத்தால், கட்டை உடனே அவிழ்க்க வேண்டும்.

இரவில் திடீரெனப் பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே தாங்க முடியாமல் நொந்தால் அது கவுட்டாக, அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் நோயாக இருக்கலாம். அந்த வேளையில் யூரிக் அமிலம் இரத்தத்தில் சாதாரணமாகக்கூடக் காட்டலாம் என்பதால், ஒரு அறிக்கையை வைத்து இல்லையென்று முடிவுகட்டக் கூடாது. நகத்தை ஓரம் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டினால் சதைக்குள் நகம் புதைவது பெரும்பாலும் வராது. கால் ஆணி என்பது இறுக்கமான பாதணியின் அழுத்தத்தால் வருவது, பாதணியை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்பி வரும்.

இவை நோகிறவை, நோகின்றன என்பதால் கவனம் பெறுகிறவை. இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும்.

இரத்தத்தில் சீனி பல ஆண்டுகள் கூடியிருக்கும்போது, உடம்பின் மிக நீளமான நரம்புகளே முதலில் பழுதடைகின்றன. அவை பாதங்களில் முடிகின்றன. முதலில் எரிவும் ஊசி குத்துவதும் இருக்கலாம், குறிப்பாக இரவில். பிறகு அதுவும் அடங்கும். எரிவு நின்றதைக் குணமென்று எடுத்துக்கொண்டு மகிழ்கிறவர்கள் உண்டு, ஆனால் பல வேளைகளில் நரம்பு முற்றாக ஓய்ந்ததன் அடையாளம் அது. உணர்ச்சி நரம்போடு, வியர்வையை இயக்கும் நரம்பும் தசையை இயக்கும் நரம்பும் பழுதாகின்றன. தோல் வரண்டு வெடிக்கிறது. விரல்கள் வளைந்து, பாதத்தின் அடியில் பாரம் விழும் இடங்கள் மாறுகின்றன. அங்கே தடிப்பு விழுகிறது. தடிப்புக்குக் கீழே தசை நசிந்து, வெளியே தெரியாமல் புண் உண்டாகிறது. காலுக்கு வரும் இரத்தக் குழாய்களும் ஒடுங்கியிருந்தால் அந்தப் புண் ஆற வழியில்லை. புகைப்பது அந்த ஒடுக்கத்தை விரைவுபடுத்துகிறது. நீரிழிவோடு சிகரெட்டும் பிடிப்பவரின் கால் இரட்டை ஆபத்தில் இருக்கிறது.

இதைக் கண்டறியக் கிளினிக்குகளில் பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் வைத்தியசாலையில் உருவான இன்னும் எளிய சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளைச் சுட்டுவிரலால் மிக மெதுவாக, ஓரிரு நொடி மட்டும் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்லட்டும். ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் அந்தக் கால்கள் ஆபத்தில் உள்ளன. ஒரு நிமிட வேலை. பேரப்பிள்ளைகூடச் செய்துவிடும்.

உணர்வு குறைந்தவருக்கு, மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருப்பவை எல்லாம் காயமாகும். நண்பகலில் கோயில் வீதியின் மணல், கருங்கல் தரை, தார் வீதி, மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய், கால் நோவுக்கென்று வைத்த வெந்நீர். காலணிக்குள் கிடந்த ஒரு கல்லோடு நாள் முழுதும் நடந்து, மாலையில் இரத்தத்தைப் பார்த்த பிறகே அறிகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே கண், நரம்பின் வேலையைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு இரவும் பாதத்தின் மேலும் கீழும் விரலிடுக்கும் பார்க்கப்பட வேண்டும். குனிய முடியாதவர் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், கண் தெளிவில்லாதவருக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். செருப்புப் போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். ஆணிக்கு ஒட்டும் அமிலப் பிளாஸ்திரிகள் இவர்களுக்கு ஆகவே ஆகாது.

புண் ஒன்றைக் கண்டால், அது கடலைப் பருப்பு அளவே இருந்தாலும், நோகவே இல்லையென்றாலும், சுத்தமான நீரில் கழுவி, உலர்ந்த துணிக்கட்டுப் போட்டு, அடுத்த நாளுக்குள் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மஞ்சள், சாம்பல், இலைச்சாறு எதுவும் வேண்டாம். மருந்து கட்டுவதோடு கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் புண்ணை ஆற்றுவது அதன்மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான். தினமும் கட்டு மாற்றிக்கொண்டு, அதே காலால் சந்தைக்கும் வயலுக்கும் நடந்தால், ஒவ்வொரு அடியிலும் ஆறிய சதை மறுபடி நசிகிறது. நோவு இருந்தால் அவர் நொண்டி நொண்டியாவது அந்தக் காலைக் காப்பாற்றியிருப்பார். இன்னொன்று: புண்ணே இல்லாமல், அடிபட்ட நினைவும் இல்லாமல், ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நோகவில்லையே என்று நடந்தால் பாதவளைவே இடிந்துபோகும். அன்றே ஊன்றுவதை நிறுத்த வேண்டும்.

நோவின்மை எப்படிக் காலைத் தின்கிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பவுல் பிராண்ட் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணிபுரிந்தபோது, விரல்களும் பாதங்களும் அழுகி விழுவது நோயின் நேரடிச் செயல் அல்ல, உணர்வில்லாத உறுப்பு நாள்தோறும் படும் காயங்களின் விளைவு என்று கண்டார். பின்னர் அமெரிக்கா சென்று அதே அறிவை நீரிழிவுக் கால்களுக்குப் பயன்படுத்தினார். மென்மையான நுண்துளை இறப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததே.

மட்டக்களப்புக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கென்றே ஒரு வைத்தியசாலை நெடுங்காலம் இயங்கியது. ஊரிலிருந்து பிரித்து வைத்த அந்தக் காலத்தின் அச்சம் இன்னும் சில வீடுகளில் இருப்பதால், நோயாளர் மறைக்கிறார்கள். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகிறார்கள், நம் மாவட்டமும் அதில் அடங்கும். உடம்பில் எங்காவது நிறம் வெளிறிய, தொட்டால் தெரியாத படை இருந்தால் தோல் கிளினிக்கில் காட்ட வேண்டும். நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்து இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும். பிந்தினால் கிருமி செத்தாலும் செத்த நரம்பு திரும்பாது. அந்தக் காலும் வாழ்நாள் முழுதும் நோகாத காலாகிவிடும்.

நம் வழக்கங்களிலேயே காலைக் காக்கும் வழிகள் ஒளிந்திருக்கின்றன. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்கள் தொழுகைக்கு வுழூச் செய்யும்போது, விரலிடுக்குவரை கால் கழுவுகிறார்கள். நாளுக்கு ஐந்து வேளை காலைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எந்தக் கிளினிக்கும் தர முடியாது. கழுவிய பின் விரலிடுக்கைத் துடைக்க ஒரு சிறு துணியை வைத்துக்கொண்டால் போதும். பள்ளிவாசல்களில் இதை நினைவூட்டினால் பலருடைய கால் தப்பும்.

கதிர்காமப் பாதயாத்திரை இன்னொன்று. செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்கியும், மட்டக்களப்பு ஊர்களிலிருந்து சேர்ந்தும், திருக்கோவில், பொத்துவில், உகந்தை கடந்து குமணக் காட்டு வழியே வெறுங்காலோடு நடக்கும் அடியார்களின் நேர்த்தி மதிப்புக்குரியது. நடப்பவருக்குக் கொப்புளம் வந்தால் தோலை உரிக்காமல் மூடி வைப்பதே மருந்து. ஆனால் மேலே சொன்ன விரல்தொடு சோதனையில் தோற்றவர் வெறுங்காலோடு அந்த வழியில் இறங்கக் கூடாது. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலிலோ வேறெங்குமோ தீ மிதிக்கவும் கூடாது. நேர்த்திக்கடனை வேறு வகையில் நிறைவேற்றலாம். பூசகர்களும் பெரியவர்களும் இதைச் சொன்னால் வைத்தியர் சொல்வதைவிட எடுபடும்.

செருப்பு வாங்குவது பற்றி. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில் அளவு பார்க்க வேண்டும். உணர்வு குறைந்தவருக்கு விரலிடுக்கில் வார் போகும் சிலிப்பர் ஏற்றதல்ல. அந்த வாரே புண்ணாக்கும், கழன்றாலும் தெரியாது. குதியைச் சுற்றிப் பிடிக்கும் வாரும், மெத்தென்ற அடியும், அகன்ற முன்பக்கமும் உள்ள செருப்பு வேண்டும். வீட்டுக்குள் போட இன்னொரு சோடி வைத்துக்கொள்வது வீட்டைத் தீட்டாக்காது. யுத்தத்தில் ஒரு காலை இழந்து செயற்கைக் காலோடு நடப்பவர்கள் நம்மிடையே பலர் இப்போது நடுத்தர வயதைத் தாண்டிவிட்டார்கள், அவர்களில் நீரிழிவு வந்தவர்களும் இருக்கிறார்கள். எஞ்சிய ஒற்றைப் பாதம் இரண்டு பாதங்களின் பாரத்தைச் சுமக்கிறது. அவர்களுக்கு இந்தக் கவனம் மற்றெவரையும்விட இரண்டு மடங்கு தேவை. செயற்கைக் கால் பொருந்தும் இடத்துத் தோலையும் அதேபோலத் தினமும் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தின் உணர்வும் நாடித்துடிப்பும் தோலும் சோதிக்கப்பட வேண்டும், உணர்வு குறைந்தவருக்கு அதைவிட அடிக்கடி. கிளினிக் நாட்களில் நெரிசல் அதிகம். சீனி அளவைப் பார்த்து மாத்திரை எழுதுவதற்கே நேரம் போதாமல் போகிறது. அதனால் கேட்காமல் இருந்துவிடக் கூடாது. உங்கள் கிளினிக் கொப்பியைப் பிரித்துப் பாருங்கள். கடந்த ஓராண்டில் பாதம் சோதித்ததாக ஒரு வரியும் அதில் இல்லையென்றால், அடுத்த முறை வைத்தியர் முன் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பார்க்கும்படி கேளுங்கள். சில நிமிடங்கள்தான் ஆகும். இலவசமாகக் கிடைக்க வேண்டிய சேவை இது.